இசைத்தட்டில் அம்மாவின் இனிஷியல்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். 919லும் 921லும் வெட்டப்பட்டவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, வாரியத்துக்கு ஆள் எடுத்த முறையை அவை விரிவாகச் சொல்கின்றன. கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். தகுதியில்லாதவர் பட்டியலும் நீளமானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்குத் தகுதி கிடையாது. அவனுடைய சிற்றன்னை மக்கள், பெரியன்னை மக்கள், அத்தை மக்களுக்கும் கிடையாது. அந்தப் பட்டியலில் அத்தையும் சிற்றன்னையும் எதற்காக வருகிறார்கள்? ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு என்ன உறவு என்று காட்டுவதற்காக. அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது.

கல்லில் வெட்டிய எழுத்து போலவே, மெழுகில் வெட்டிப் பின் தட்டில் பதித்த ஒலியும் ஓர் ஆவணம்தான். பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் அதை ராகத்துக்காகவும் குரலுக்காகவும் தேடுகிறார்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தை வரலாறாக வாசிப்பவர்கள் குறைவு. பெண்கள் தங்கள் அம்மாவின் பெயரைத் தாங்கி நின்ற ஒரு காலத்தை அந்தக் காகிதம் காட்டுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள காஞ்சிபுரத்திலேயே அந்த வரலாற்றின் முக்கியமான ஒரு துண்டு கிடக்கிறது.

நம் கிராமங்களில் இசைத்தட்டை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கிராமபோன் பெட்டி வாங்க வசதியிருந்த மிராசுதார் வீடு. மற்றொன்று ரேடியோ செட்டுக்காரர். கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்த்தல் என்றால் பனைமரத்திலோ மூங்கிலிலோ குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, பிளேட்டை வைத்து முள்ளை இறக்குவார். எந்தப் பாட்டு முதலில், எது பெண்ணழைப்புக்கு என்பதெல்லாம் அவர் முடிவு. பெட்டியின் சாவியைச் சுற்றியதும் முள்ளை மாற்றியதும் ஆண்கள். அடுப்படியில் இருந்தபடி கேட்டு, ஒரே தடவையில் மனப்பாடம் செய்தவர்கள் பெண்கள். கேசட் வந்த பிறகு பிளேட்டுகள் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போயின. சென்னையில் பழைய தட்டுகளுக்குப் பேர்பெற்ற மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. மிஞ்சியதைத் தேடி எடுத்தவர்களிலும் ஆண்களே அதிகம். வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்தார்கள். 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் பழைய பதிவுகளின் பட்டியல்களைத் தொகுத்தது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கிராமபோன் பாட்டுப் புத்தகங்களைக் காத்துவருகிறது. இவர்கள் செய்ததால்தான் நாம் இன்று இதைப் பேச முடிகிறது. ஆனால் சேகரித்தவர்கள் கேட்ட கேள்விகளோடு நாம் நின்றுவிட வேண்டியதில்லை.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1902இல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்தபோது அவருக்குப் பாடிக் கொடுத்த பெரிய பெயர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் அவர் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கே இருப்பவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டுமே! தெற்கிலும் முதல் பதிவுகளில் பெண்களே முன்னால் நின்றார்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள், காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். தாயியின் தட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜின் காதுக்குப் போய், அதை அடியொற்றி அவர் 'ராகமாலிகா' என்ற, குரலுக்கும் பியானோவுக்குமான இசையை எழுதினார். நம் ஊர்க்காரர்களுக்கு அவர் பெயர் மறந்துபோன காலத்திலும் பாரிஸில் அந்த இசை இருந்தது.

இவர்கள் எல்லோரும் தேவதாசி மரபில் வந்தவர்கள். உயர்சாதிக் குடும்பத்துப் பெண் சபையில் பாடுவதே கூடாது என்றிருந்த காலம் அது. ஆண் வித்வான்களில் பலர் இயந்திரத்தின் முன் பாடத் தயங்கினார்கள். அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பின் வாய்க்குள் முகத்தை நீட்டி, குரலை உயர்த்தி, மூன்று மூன்றரை நிமிடத்துக்குள் பாட்டை முடிக்க வேண்டும். நான்கு மணி நேரம் கச்சேரி செய்தவர்கள் ஒரு கீர்த்தனையை மூன்று நிமிடத்துக்குள் எப்படி அடக்குவது என்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். இந்தப் புதுத் தொழிலை முதலில் கற்றவர்கள் பெண்கள் என்பதை இசை வரலாறு சொல்லும்போது ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

இப்போது தட்டின் நடுவில் உள்ள பெயர்களுக்கு வருவோம்.

எம்.எஸ். சுப்புலட்சுமி. 'எம்' மதுரை. 'எஸ்' அவருடைய தாய், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. 1926இல், பத்து வயதில், சுப்புலட்சுமி பாடிய முதல் தட்டுக்கு வீணை வாசித்தவரும் அவரே. கே.பி. சுந்தராம்பாள். 'கே' கொடுமுடி, 'பி' தாய் பாலாம்பாள். எம்.எல். வசந்தகுமாரி. 'எம்' மெட்ராஸ், 'எல்' தாய் லலிதாங்கி. வசந்தகுமாரியின் தந்தை கூத்தனூர் அய்யாசாமி அய்யர் இசை தெரிந்தவர்தான். ஆனாலும் மகள் பெயருக்கு முன்னால் நின்றது தாயின் எழுத்து. லலிதாங்கியும் இசைத்தட்டுகளில் பாடியவர். ஒரு சேகரிப்பில் இருவர் தட்டும் இருந்தால், அம்மாவின் பெயர் ஒரு தட்டில் முழுதாகவும் மகளின் தட்டில் ஓர் எழுத்தாகவும் இருக்கும்.

சுந்தராம்பாளின் தட்டுக்குப் பக்கத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டை வையுங்கள். நாடக மேடையில் இணைந்து தமிழ்நாட்டையும் இலங்கையையும் கலக்கிய இணை. கிட்டப்பாவின் 'எஸ்' செங்கோட்டை, 'ஜி' தந்தை கங்காதர அய்யர். இருவருக்கும் ஊர்ப்பெயர் ஓர் எழுத்து, பெற்றவர் பெயர் ஓர் எழுத்து. அமைப்பு ஒன்றுதான். ஒருவரைத் தாய் வழியும் மற்றவரைத் தந்தை வழியும் அடையாளம் காட்டியது அவர்கள் பிறந்த சாதி. 1933இல் கிட்டப்பா இறந்த பிறகு சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தித் துறவிபோல் வாழ்ந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பாலாம்பாள் என்ற பெயரைச் சொல்பவர் அரிது.

காஞ்சிபுரத்தில் இந்தக் கதை இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. தனகோடி அம்மாளும் அவர் தங்கை காமாட்சி அம்மாளும் பேர்பெற்ற பாடகிகள். காமாட்சி அம்மாளின் மகன்தான் லயத்தில் சிங்கம் என்று பெயரெடுத்த காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. அவர் குரல் தட்டில் இல்லை. அவர் பாடம் எப்படி இருந்தது என்று இன்று அறிய விரும்புகிறவர் என்ன செய்வார்? அவரிடம் காஞ்சியில் தங்கிக் கற்ற டி. பிருந்தா, டி. முக்தா சகோதரிகளின் பதிவைத்தான் கேட்க வேண்டும். பெரியம்மா பாடி வைத்தார், மருமக்கள் போன்ற மாணவிகள் பாடி வைத்தார்கள். நடுவில் இருந்த ஆணின் இசை இரண்டு பக்கத்துப் பெண்களின் குரலில் தங்கியிருக்கிறது.

நாயனா பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த இன்னொரு காஞ்சிபுரத்துச் சிறுமி, 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள். 'டி' தாமல் கிராமம், 'கே' தந்தை கிருஷ்ணசாமி தீட்சிதர். பட்டம்மாளின் தாய்க்கு நன்றாகப் பாட வரும். ஆனால் குடும்ப ஆசாரம் காரணமாக உறவினர் முன்னால்கூட அவர் பாடியதில்லை. மகள் 1929இல் பத்து வயதில் சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார். பின்னர் எத்தனையோ தட்டுகள், பாரதி பாடல்கள், பெண்கள் தொடவே அஞ்சிய ராகம் தானம் பல்லவி. சண்முகவடிவு மகளின் தட்டிலேயே வீணை வாசித்தார். பட்டம்மாளின் தாய் தன் வீட்டுக் கூடத்தில்கூடக் குரல் எடுக்கவில்லை. எம்.எஸ்., டி.கே. என்ற நான்கு எழுத்துகளுக்குள் இந்த இரண்டு அம்மாக்களின் வாழ்க்கையும் இருக்கிறது.

இதைக் கொண்டு தாய்வழி மரபைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அந்த எழுத்தைச் சுமந்தவர்களுக்கு அது பெருமையாக மட்டும் இருந்ததில்லை. 'இன்னாருக்குப் பிறந்தவள்' என்று ஊர் பேசுவதற்கும் அதுவே வழியானது. நாகரத்தினம்மாள் 1910இல் முத்துப்பழனியின் 'ராதிகா சாந்தவனம்' காவியத்தைப் பதிப்பித்தபோது, ஒரு தாசி எழுதியதை இன்னொரு தாசி பதிப்பித்தாள் என்றே ஏசினார்கள். அடுத்த ஆண்டு அரசு அந்த நூலைத் தடைசெய்தது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி எழுப்பக் காசு கொடுத்தவரை அங்கே பாடவிடாமல் தடுத்ததும் அதே உலகம்தான். முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் போராடி, 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் வந்தது. சிறுமிகளைக் காத்த சட்டம் அது. ஆனால் அதே காலத்தில், அந்தப் பெண்கள் தலைமுறையாகக் காத்த இசை 'குடும்பப் பெண்களுக்கு ஏற்றது' என்று கைமாறியது. பழைய பாடகிகள் பலர் மேடையை விட்டுப் போனார்கள். எது விடுதலை, எது பறிப்பு என்று இரண்டையும் ஒரே நேரத்தில் பேச நாம் பழக வேண்டும்.

தட்டில் ஏறியவர்களின் கதை இது. ஏறாதவர்கள்?

உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வைரமேக தடாகம் என்று கல்வெட்டுகளில் பெயர். அந்த ஏரிப் பாசனத்தில் நடவு நட்ட பெண்கள் நூற்றாண்டுகளாகப் பாடியிருக்கிறார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது நடவுப் பாட்டு. ஆள் மாறினால் அடி மாறும், வெயில் ஏறினால் மெட்டு மாறும். கிராமபோன் கம்பெனிக்கு இது ஒத்துவரவில்லை. கம்பெனிக்கு ஒரு பெயர் வேண்டும், தொடக்கமும் முடிவும் உள்ள மூன்று நிமிடம் வேண்டும், காசு கொடுத்து வாங்கும் வீடு வேண்டும். சேற்றில் நின்றவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். பெட்டி வாங்கிய வீடு அவர்களுடையது அல்ல. அதனால் அவர்கள் குரல் மெழுகில் ஏறவில்லை.

1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது கிராமத்து மெட்டு வினைல் தட்டில் ஏறி ஊரெங்கும் குழாயில் ஒலித்தது. பாடியவர் எஸ். ஜானகி, இசை இளையராஜா. தன் தாய் சின்னத்தாயம்மாள் பாடிய பாட்டுகளைப் பற்றி இளையராஜா பலமுறை பேசியிருக்கிறார். அந்த மெட்டுகள் வந்த வழியில் எத்தனையோ பெண்கள் நின்றிருக்கிறார்கள். தட்டில் இடம் இருந்தது இசையமைப்பாளருக்கும் கவிஞருக்கும் பாடியவருக்கும்தான். 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் நடித்துப் பாடியபோதுதான் கொல்லங்குடி கருப்பாயி என்ற பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. ஊர்ப்பெயரும் தன் பெயரும் மட்டும். கோயம்புத்தூர் தாயி பெயர் அமைந்த அதே முறை.

இதைப் படிக்கும் மாணவிகள் தங்கள் வீட்டுப் பரணிலிருந்து தொடங்கலாம். உடையக்கூடிய, கனமான தட்டு என்றால் அது அரக்கில் செய்த 78 சுற்றுத் தட்டாக இருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். லேபிளையும், அதைச் சுற்றி வழுவழுப்பான இடத்தில் கீறியிருக்கும் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: பாடியவர் பெயர், இனிஷியலின் விரிவு, அந்த விரிவில் இருப்பவர் அம்மாவா அப்பாவா. ஐம்பது தட்டுகளுக்கு இதைச் செய்தால் உங்கள் கையில் ஓர் ஆய்வு இருக்கும். தட்டு கிடைக்காதவர்கள் நடவு நட்ட பாட்டிகளிடம் போங்கள். கைபேசியில் பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். பாட்டு முடிந்ததும், இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓர் அம்மா, ஒரு மாமியார், ஓர் அத்தையின் பெயர் வரும். அதை எழுத்தாகச் சுருக்காமல் முழுப் பெயராகவே எழுதுங்கள்.