டிரங்க் கால் போய் டிரங்க் போர்ட் வந்தது

டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில், "மூணு நிமிஷம் ஆச்சு சார், எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" என்று ஆபரேட்டர் குறுக்கே வருவார். நான் அந்தப் பக்கத்தில் இருந்தவன். 1965இல் தொலைபேசித் துறையில் சேர்ந்து, பாதி வாழ்நாளைக் கேரியர் அறையில் கழித்தவன்.

அந்த 'டிரங்க்' என்ற சொல் இன்று கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கிறது. அது அங்கே போன கதையையும், அதே சொல் என் காலை வாரிவிட்ட கதையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பழைய பாடம். சந்தாதாரர் வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு வருவது சப்ஸ்க்ரைபர் லைன். அதில் ஒரு வீட்டின் பேச்சு மட்டும்தான். ஊருக்குள் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைப்பது ஜங்ஷன். ஊர் விட்டு ஊர் போவது டிரங்க். டிரங்க்கில் பல பேருடைய பேச்சு ஒன்றாகப் போகும். கேரியர் முறையில் 12 பேச்சுகளை 60 முதல் 108 கிலோஹெர்ட்ஸ் வரை, ஆளுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் என்று அடுக்கி அனுப்புவோம். பிறகு பி.சி.எம். வந்தது. அதில் 30 பேச்சுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரத் துண்டு. எதிலும் ஒரு பேச்சு இன்னாருடையது என்று அதன் இடத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ரயிலில் சீட் நம்பர் மாதிரி.

கம்ப்யூட்டர்க்காரர்கள் தொடங்கியது வேறு வழியில். 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கினார்கள். வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். ஒரே கோஆக்சியல் கேபிள், அதில் எல்லாக் கம்ப்யூட்டரும் தொங்கும். ஒருவர் பேசினால் அத்தனை பேர் காதிலும் விழும். நம் வீடுகளில் பேரலல் கனெக்ஷன் வைத்திருந்தோமே, ஹாலில் பேசுவதை மாடியில் எடுத்துக் கேட்கலாம், அதே சமாச்சாரம். பத்துப் பேர் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஐந்நூறு பேர் ஆனால் சந்தைக்கடைதான்.

1990இல் கல்பனா என்ற சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனம் 7 போர்ட் கொண்ட ஈதர்நெட் ஸ்விட்ச் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்திய வம்சாவளியினர். பெயரும் நம் 'கற்பனை'தான். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிவிட்டது. ஸ்விட்ச் வந்தபின் ஒருவர் பேச்சு உரியவருக்கு மட்டும் போனது. ஆனாலும் "இந்த முகவரி யாருடையது?" என்று ஒரு கம்ப்யூட்டர் கூவினால், அந்தக் கூவல் எல்லாப் போர்ட்டுக்கும் போயே தீரும். இதை பிராட்காஸ்ட் என்பார்கள்.

இதற்குத் தடுப்புச் சுவர் எழுப்பும் யோசனை, ஸ்விட்ச் கடைக்கு வருவதற்கு முன்பே ஒரு தொலைபேசிக்காரருக்குத் தோன்றியிருந்தது என்பதில் எனக்கு அற்பப் பெருமை உண்டு. டேவிட் சின்கோஸ்கி என்பவர் எண்பதுகளின் தொடக்கத்தில் ஈதர்நெட்டில் பேச்சை அனுப்பிப் பார்த்தவர். பிறகு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கூடமான பெல்கோரில் சேர்ந்தார். ஈதர்நெட்டைத் தொலைபேசி வலை அளவுக்குப் பெரிதாக்க முடியுமா என்பது அவர் கேள்வி. ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் ஒரு சீட்டு ஒட்டிவிடலாம் என்றார். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் குறிப்பது போல. சிவப்புச் சீட்டுக்குத் தனி வழி, பச்சைக்குத் தனி வழி. வீலான் என்ற மாய வலையமைப்பின் விதை இதுதான்.

பொட்டலத்துக்கு ஏன் சீட்டு வேண்டும்? ஈதர்நெட்டில் சீட் நம்பர் கிடையாது. பொட்டலம் எப்போது வேண்டுமானாலும் வரும், வரிசை இல்லை. ஆகவே இடத்தை வைத்து ஆளை அறிய முடியாது. பெயரைக் கூடவே சுமந்துகொண்டு வர வேண்டும். நம் டிரங்க்குக்கும் அவர்கள் டிரங்க்குக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

தொடக்கத்தில் ஆளுக்கொரு சீட்டு. சிஸ்கோவின் ஐ.எஸ்.எல். முறை பொட்டலத்தை முன்னால் 26 பைட், பின்னால் 4 பைட் என்று முழுசாகச் சுற்றிக் கட்டியது. 1998இல் 802.1கியூ என்ற பொது விதி வந்தது. அதில் சீட்டு வெறும் 4 பைட். அதற்குள் வீலான் எண்ணுக்கு 12 பிட். கணக்குப்படி 4096, முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை, மீதி 4094.

இப்போது போர்ட்டுக்கு வருவோம். ஸ்விட்சில் கம்ப்யூட்டரை மாட்டும் போர்ட் ஆக்ஸஸ் போர்ட். நம் சப்ஸ்க்ரைபர் லைன். ஒரே ஒரு வீலானுக்கு உரியது. கம்ப்யூட்டருக்குச் சீட்டைப் பற்றி எதுவுமே தெரியாது. ஸ்விட்ச்தான் உள்ளே அந்தப் பொட்டலம் எந்த வீலான் என்று நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட் டிரங்க் போர்ட். அதன் வழியே வெளியேறும்போது சீட்டு ஒட்டப்படும்; எதிர் முனை ஸ்விட்ச் அதைப் படித்து உரிய போர்ட்டுக்கு, சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுக்கும். வேறு வேறு வீலான்கள் தங்களுக்குள் பேச வேண்டுமென்றால் நடுவில் ரவுட்டர் வேண்டும்.

இத்தனையும் தெரிந்த நான்தான் சறுக்கினேன். 2003இல் ஓய்வு பெற்றபின் ஒரு மருத்துவமனையில் இன்டர்காம், கேபிள் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கட்டடம், புதுக் கட்டடம், நடுவில் ஒரே ஒரு ஃபைபர் இணைப்பு. புதுக் கட்டடத்தில் பில்லிங் மட்டும் இருந்தது, வீலான் 10. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பரிசோதனைக் கூடத்தை அங்கே மாற்றினார்கள். அதற்கு வீலான் 20. நான் புது ஸ்விட்சில் 20ஐ உண்டாக்கினேன், லேப் கம்ப்யூட்டர்களை அதில் மாட்டினேன். பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து சர்வரைச் சோதித்தேன், பதில் வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு போன். லேப் ரிசல்ட் எதுவும் வார்டுக்கு வரவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளின் பொட்டாசியம் அளவுக்கு டாக்டர் காத்திருக்கிறார். நான் ஓடிப் போனபோது, ஓர் அட்டெண்டர் அம்மா கையில் எழுதிய சீட்டுகளோடு இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும், முட்டி வலிக்காரர். "சார், நீங்க பாத்து சரி பண்ணுங்க, அதுவரைக்கும் நான் கொண்டு போறேன்" என்றார், திட்டக்கூட இல்லை.

ஃபைபரைச் சந்தேகப்பட்டேன். விளக்கு பச்சையாக எரிந்தது. பில்லிங் ஜோராக ஓடியது. அதுதான் என்னை ஒரு மணி நேரம் குழப்பியது. லைன் நன்றாக இருக்கிறதே, பாதிப் பேர் பேசுகிறார்களே! கடைசியில் ஃபைபர் மாட்டிய போர்ட்டின் அமைப்பைப் படித்தேன். இரண்டு முனையிலும் ஆக்ஸஸ், வீலான் 10. பில்லிங் மட்டும் இருந்த காலத்தில் யாரோ வைத்தது. அன்று அது போதும். லேப் வந்தபின் அதை டிரங்க்காக மாற்றியிருக்க வேண்டியவன் நான். டிரங்க் லைனை ஒரே ஒரு சந்தாதாரர் பெயருக்கு எழுதிக் கொடுத்தது போல ஆகிவிட்டது. வீலான் 20இன் பொட்டலங்கள் புது ஸ்விட்சுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன, வெளியே போக வாசல் இல்லை.

முதலில் எட்ட முனையை மாற்றினேன், பிறகு கிட்ட முனையை. இரண்டையும் டிரங்க் ஆக்கி, 10, 20 இரண்டையும் அனுமதித்தேன். சில விநாடிகளில் வார்டுத் திரையில் ரிசல்ட்டுகள் வரிசையாக வந்து விழுந்தன. அதுவரை எந்த நோயாளிக்கும் தீங்கு நேராமல் காப்பாற்றியது என் ஸ்விட்ச் அல்ல, அந்த அம்மாவின் கால்கள்.

அன்றிலிருந்து எந்த வேலையை முடித்தாலும், நான் புதிதாகச் சேர்த்தவரின் இடத்தில் போய் உட்கார்ந்து சோதித்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவரிடம் "கேட்கிறதா?" என்று கேட்டு என்ன பயன்? கேரியர் அறையில் முதல் வருஷமே எனக்குச் சொல்லித் தந்த பாடம் இது. நாற்பது வருஷம் கழித்து ஒரு பொட்டாசியம் ரிப்போர்ட் மறுபடி சொல்லித் தர வேண்டியிருந்தது.