தணிகையில் பிறந்த முத்திரை

ஒரு கீர்த்தனை யார் செய்தது என்று பிடிபடாதபோது கர்நாடக சங்கீத ரசிகர் சரணத்தைத் துழாவுவார். ‘தியாகராஜ’ என்று வந்தால் திருவையாறு. ‘சியாமகிருஷ்ண’ என்று வந்தால் சியாமா சாஸ்திரி. ‘பத்மநாப’ என்றால் சுவாதித் திருநாள் மகாராஜா. ‘குருகுக’ வந்துவிட்டால் முத்துசுவாமி தீட்சிதர். விசாரணை முடிந்தது என்று தொடையில் தாளம் போடத் தொடங்கிவிடலாம். விவரம் தெரிந்த ரசிகர் மட்டும் அப்படி விடமாட்டார். அவருக்கு அங்கேதான் விசாரணை ஆரம்பம். “முத்திரை இருக்கட்டும் சார், பாட்டு அவருடையதா?” என்பார். டிசம்பர் சபாக்களின் கேண்டீனில் காபி ஆறிப்போகிற அளவுக்கு இந்தச் சண்டை நீளும்.

அந்த முத்திரை பிறந்த இடம் திருத்தணி என்கிறது தீட்சிதர் பரம்பரையின் கதை. சென்னையிலிருந்து அரக்கோணம் தாண்டி ரேணிகுண்டா போகும் பாதையில் இருக்கும் மலைக்கோயில். ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 படி. சினம் தணிந்து முருகன் அமர்ந்த ஐந்தாம் படைவீடு. ‘யாருடையது’ என்ற கேள்வி இந்த ஊருக்கும் புதிதல்ல. மொழிவழி மாநிலப் பிரிவினையில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு போய், ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. இங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் பாட்டின் மொழி சமஸ்கிருதம், பாடியவர் திருவாரூர்க்காரர், அது அச்சேறியது தெலுங்கு எழுத்தில். எல்லையூருக்குப் பொருத்தமான பாட்டுதான்.

தீட்சிதர் தனி ஆளாக முளைத்தவர் அல்ல. அது ஒரு குடும்பக் குழு. தந்தை ராமசுவாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று பெயர் பெற்றவர். 108 ராகதாளமாலிகை செய்தவர். 1775-இல் பிறந்த மூத்த மகன் முத்துசுவாமி. அடுத்து சின்னசுவாமி, பாலுசுவாமி. சென்னைக்கு வடக்கே மணலியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவு கிடைத்ததும் குடும்பம் அங்கே வந்தது. முதலியாருக்குக் கோட்டையில் செல்வாக்கு உண்டு. கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியம் பிள்ளைகளின் காதில் விழுந்தது அப்படித்தான். கடைக்குட்டி பாலுசுவாமி ஐரோப்பிய இசைக்காரர் ஒருவரிடம் பிடில் கற்றார். கர்நாடகக் கச்சேரியில் இன்று பிடில் இல்லாமல் நகராதே, அதன் தொடக்கம் இந்த வீட்டுத் திண்ணை.

இந்தக் குழுவில் யார் என்ன செய்தார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் ஸ்ரீரஞ்சனி ராகத்து வர்ணம் ஒன்று. ராமசுவாமி தொடங்கிய அந்த வர்ணத்தின் சரண ஸ்வரங்களில் முத்துசுவாமிக்கும் சின்னசுவாமிக்கும், வெளியாளான சியாமா சாஸ்திரிக்கும்கூடப் பங்கு உண்டு. நான்கு கைகள், ஒரு வர்ணம். எது யாருடைய ஸ்வரம் என்று பெயர் போட்டே குறித்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கணக்குச் சுத்தமான வீட்டிலிருந்து வந்த பாட்டுகளில்தான் பிற்பாடு யார் எழுதியது என்ற வழக்கு மூண்டது.

கதைக்கு வருவோம். மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி இளைஞர் முத்துசுவாமியைக் காசிக்கு அழைத்துப் போகிறார். அங்கே சில ஆண்டுகள் ஸ்ரீவித்யை உபாசனை, வேதாந்தம், வடநாட்டு இசையின் சகவாசம். யோகி சித்தியடைந்தபின் அவர் ஊர் திரும்புகிறார். குருவின் கட்டளைப்படி திருத்தணிக்குப் போகிறார். மலையில் தியானத்தில் இருந்தவரிடம் ஒரு முதியவர் வந்து, “முத்துசாமி, வாயைத் திற” என்கிறார். திறந்த வாயில் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்துபோகிறார். வாயில் கற்கண்டு இனிக்க, ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்ற முதல் கீர்த்தனை பிறக்கிறது. ராகம் மாயாமாளவகௌளை. இசை கற்க உட்காரும் குழந்தை முதன்முதல் வாய் திறக்கும் ராகம் அதுவே. பாட்டின் எடுப்பும் அந்த ராகத்தின் ஏறுவரிசையையும் இறங்குவரிசையையும் ஒட்டியே அமைந்திருக்கும்.

குருவே குகன், குகனே குரு என்று காசியில் இழந்த ஆசானையும் தணிகையில் கண்ட தெய்வத்தையும் ஒரே பெயரில் முடிந்துவைத்தார் என்று நான் வாசிக்கிறேன். அவருடைய அப்பாவின் பாட்டுகளில் புரவலர், முத்துகிருஷ்ண முதலியாரின் மகன் வெங்கடகிருஷ்ண முதலியாரின் பெயர் முத்திரையாக வரும். சோறு போட்டவர் பெயரைச் சொல்வதில் அந்தக் காலத்தில் கூச்சம் கிடையாது. மகன் அந்த வழக்கத்தை விட்டார். தன் பெயரையும் போடவில்லை. இந்த முடிவுதான் முத்திரைக்கு வலிமை, அதுவே பிற்காலத்துச் சிக்கலுக்கும் வித்து. தன் பெயரைப் போட்டவன் பாட்டுக்குச் சொந்தக்காரன் ஆகிறான். தெய்வத்தின் பெயரைப் போட்டால் அதே தெய்வத்தைக் கும்பிடும் எவரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் பாட்டோடு கதை நிற்பதில்லை. எழுவாய் தொடங்கி விளி வரை எட்டு வேற்றுமைகளுக்கும் எட்டுக் கீர்த்தனைகள் என்று திருத்தணித் தொகுதி விரிகிறது. இரண்டாவது ஆனந்தபைரவி. பிறகு பாடி, சாமா, பலஹம்ஸா, பூர்வி, பானுமதி. விளி வேற்றுமைக்கு உதயரவிசந்திரிகா. பானுமதியும் பூர்வியும் புதிதாகப் பாடவந்தவர் கை வைக்கும் ராகங்களா? கன்னிப் படைப்பு என்றால் கொஞ்சமாவது தடுமாற்றம் இருக்கும். இங்கே அது இல்லை. இலக்கணத்தை வைத்துத் திட்டம் போட்டு, ராகத்துக்கு ராகம் இடம் ஒதுக்கிய முதிர்ந்த கை தெரிகிறது. முதல் பாட்டு அங்கே பிறந்தது என்பதை நான் மனதார ஏற்கிறேன். எட்டும் ஒரே மூச்சில் வந்தன என்று நம்ப முடியவில்லை. திருவாரூரில் தியாகேசருக்கும் நீலோத்பலாம்பாளுக்கும் கமலாம்பாளுக்கும், மாயவரத்தில் அபயாம்பாளுக்கும் இதே வேற்றுமைத் திட்டத்தை அவர் கையாண்டார். திட்டம் கைவந்தபிறகு திருத்தணிக்கும் மீதிப் பாட்டுகளைச் செய்து நிரப்பியிருக்கலாம். கற்கண்டுக் கதை மனதைக் கவர்கிறது; ஆனால் ராமசுவாமி தீட்சிதரிடம் இளமையிலேயே லட்சணமும் லட்சியமும் கற்ற ஒருவரின் உழைப்பை அது ஒரே வாயில் கரைத்துவிடுகிறது.

இன்னொரு இடிப்பும் உண்டு. ‘சக்தி ஸஹித கணபதிம்’ என்ற சின்னப் பாட்டைக் கற்காத இசைப்பள்ளிக் குழந்தை இராது. கோட்டை பேண்டின் மேல்நாட்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருத வரி வைத்த நொட்டுஸ்வர சாகித்யங்களில் அது ஒன்று. பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டுக்கும் அப்படி ஒரு பாட்டு உண்டு: ‘சந்ததம் பாஹிமாம்’. இவை மணலியில் இருந்த இளவயதில் செய்தவை என்பது பரம்பரைப் பேச்சு. ஆனால் ‘சக்தி ஸஹித’வில் குருகுக முத்திரை இருக்கிறதே! காசிக்குப் போகும் முன்பே முத்திரை பிறந்துவிட்டதா? அப்படியானால் கற்கண்டு எதற்கு? மெட்டைச் சிறுவயதில் மனதில் வாங்கிக்கொண்டு வரியைப் பின்னால் வைத்திருக்கலாம். காஞ்சி ஏகாம்பரநாதரைப் பாடும் நொட்டும் இருப்பதால், ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் செய்தார் என்பதே எனக்குப் பொருந்துகிறது. மெட்டு யாரோ ஒரு வெள்ளைக்காரருடையது, வரி இவருடையது, மொத்தப் பாட்டுக்கும் முத்திரை இவருடையது. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று பிய்த்துப் பார்ப்பவருக்கு இதைவிட ருசியான வழக்கு கிடைக்காது.

முத்திரை வேறு கைகளுக்கும் போனது. தஞ்சை நால்வர் என்று பரதநாட்டிய உலகம் போற்றும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் தீட்சிதரின் சீடர்கள். குருவைப் போற்றி அவர்கள் செய்த நவரத்தினமாலைக் கீர்த்தனைகளில் ‘குருகுகனின் அடியான்’ என்று பொருள்படும் முத்திரை வருகிறது. அதில் ‘மாயாதீத ஸ்வரூபிணி’ மாயாமாளவகௌளையில் அமைந்தது. திருத்தணியில் குரு எடுத்த ராகத்தையே சீடர்கள் எடுத்திருக்கிறார்கள். அடியான் என்ற ஒட்டு ஏட்டில் அழிந்து, எழுதியவர் பெயரும் மறந்திருந்தால், அதுவும் தீட்சிதர் கணக்கில் ஏறியிருக்கும்.

கணக்கை ஒழுங்குபடுத்தியவர் சுப்பராம தீட்சிதர், பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரன். பாலுசுவாமியே அவரைச் சுவீகாரமும் எடுத்துக்கொண்டார். ஏ. எம். சின்னசுவாமி முதலியார் என்ற கிறிஸ்தவ அன்பர், கர்நாடகப் பாட்டுகளை மேல்நாட்டுக் கோட்டுக் குறிப்பில் அச்சிடப் பாடுபட்டவர், விடாமல் தூண்டியதால் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று கண்மூடியதும் அதே எட்டயபுரத்தில். நூலில் அவருடைய கீர்த்தனைகள் 229, கமகக் குறிகளோடு. பின்னர் கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் முதலியோர் வெளியிட்டவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை 450-ஐத் தாண்டும். முன்னதற்கும் பின்னதற்கும் இடைப்பட்ட இருநூற்றுச் சொச்சம் பாட்டுகள்தான் போர்க்களம். வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாத பாட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்சி. புத்தகம் போட இடமும் பணமும் போதாதவருக்கு எல்லாம் அடக்க முடியுமா, சீடர்கள் எத்தனை ஊரில் இருந்தார்கள் என்று மறுகட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு.

வழக்கு முற்றுவது நவகிரகக் கீர்த்தனைகளில். சுப்பராம தீட்சிதரின் நூலில் ஞாயிறு முதல் சனி வரை ஏழுதான் இருக்கின்றன. ஏழுக்கும் ஏழு சூளாதி தாளங்கள்: சூரியனுக்குத் துருவம், சந்திரனுக்கு மட்டியம், செவ்வாய்க்கு ரூபகம், புதனுக்கு ஜம்பை, குருவுக்குத் திரிபுடை, சுக்கிரனுக்கு அட, சனிக்கு ஏகம். வாரம் ஏழு, தாளம் ஏழு, கணக்குத் தீர்ந்தது. ராகு, கேதுப் பாட்டுகள் பின்னால் கிடைத்தன. தாளத் திட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை, இரண்டும் ரூபகத்தில் வருகின்றன. முத்திரை மட்டும் சரியாக இருக்கிறது. யார் செய்திருந்தாலும் குருகுகனை மறக்கவில்லை. அவ்விரண்டும் தீட்சிதர் கையல்ல என்று சொல்பவர்களின் பக்கம்தான் நான். தாளத்தில் அத்தனை கறாராக இருந்தவர் கடைசி இரண்டில் கைதளர்ந்தார் என்பதை ஏற்க மனம் வரவில்லை.

இப்படிச் சொன்ன உடனே என் வாதத்தில் ஒளிந்திருக்கும் ஓட்டை எனக்கே தெரிகிறது. கைதளர்ந்திருக்கக் கூடாதா என்ன? ராக் இசை ரசிகர்கள் இதில் இரக்கமற்றவர்கள். பீட்டில்ஸில் பால் மெக்கார்ட்னி தனியாகச் செய்த ‘யெஸ்டர்டே’ பாட்டிலும் லெனன்–மெக்கார்ட்னி என்று இருவர் பெயரும் இருக்கும். முன்பே செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அந்த இணைப்பெயரைப் பிரித்து, எந்த வரி யாருடையது, யார் முதலில் சோர்ந்தார் என்று ஐம்பது வருடமாகக் கூறுபோடுகிறார்கள். ரோஜர் வாட்டர்ஸ் 1985-இல் விலகியபின் மற்றவர்கள் பிங்க் ஃபிளாய்ட் பெயரிலேயே தொடர்ந்தபோது, சரக்கு அவரோடு போய்விட்டது என்றது ஒரு கூட்டம். நம்மூரிலும் 1980-இல் ‘நிழல்கள்’ படத்தில் சேர்ந்த இளையராஜாவும் வைரமுத்துவும் 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தோடு பிரிந்ததும், நஷ்டம் மெட்டுக்கா வரிக்கா என்று டீக்கடை பெஞ்சுகள் இரண்டுபட்டன. அங்கெல்லாம் கலைஞன் சோரலாம், சறுக்கலாம், விழலாம்.

மும்மூர்த்திகள் சறுக்குவதற்கு நாம் அனுமதிப்பதில்லை. பாட்டு கொஞ்சம் இளைத்திருந்தால், “கடைசிக் காலத்தில் தளர்ந்துவிட்டார்” என்று எந்த ரசிகர் வாயிலிருந்தும் வராது. “அது அவர் பாட்டே இல்லை” என்று முடித்துவிடுவோம். சமஸ்கிருதத்தில் பிழையா, இடைச்செருகல். சந்தம் இடிக்கிறதா, சீடன் செய்தது. அறுபதை எட்டிய மனிதர், ஊர் ஊராக அலைந்தவர், தம்பி சின்னசுவாமியைப் பறிகொடுத்தவர், ஒரு வெறும் பாட்டுக்கூடச் செய்திருக்க மாட்டாரா? செய்திருப்பார். அதை ஏற்றால் முத்திரையை வைத்துப் பாட்டை மதிப்பிடும் வேலை நின்றுபோகும். பாட்டைக் கேட்டு மதிப்பிட வேண்டிவரும். ராகு, கேதுவைப் பற்றி நான் சொன்னதை அதற்காகத் திரும்பப் பெறப்போவதில்லை. அங்கே தாளமும் புத்தகமும் சாட்சி சொல்கின்றன. ருசியை மட்டும் சாட்சிக்கூண்டில் ஏற்றிச் செய்யும் தள்ளுபடிகளைத்தான் இனி நம்ப மறுக்கிறேன்.

மேடையில் இந்த வழக்கு எடுபடுவதில்லை. நவகிரகக் கீர்த்தனைகள் என்று அறிவித்துவிட்டு ஏழோடு எழுந்துபோகும் வித்வானை நான் கண்டதில்லை. ஜாதகத்தில் ராகு, கேதுவுக்குப் பயப்படும் சபைக்கு முன்னால் பாட்டு யார் செய்தது என்று தாள ஆராய்ச்சி நடத்த எந்தப் பாடகருக்கும் துணிச்சல் வராது.