சபையில் எந்தப் பாட்டு? தமிழ்க் கிறித்தவ இசை கடந்துவந்த மூன்று கட்டங்கள்



தமிழ்க் கிறித்தவ ஆலயங்களின் ஞாயிறு ஆராதனையில் பொதுவாக மூன்று வகைப் பாட்டைக் கேட்கலாம். ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாமாலை ஒன்று. இதை லுத்தரன் சபையார் ஞானப்பாட்டு என்பார்கள். ராகம், தாளத்தோடு பாடும் கீர்த்தனை இன்னொன்று. மூன்றாவது, கைதட்டிப் பாடும் கிராமிய மெட்டு அல்லது இக்காலப் பாட்டு. "எதைப் பாடினா என்ன, எல்லாம் கடவுளைப் பற்றித்தானே" என்று தோன்றலாம். ஆனால் வரலாற்றைப் பார்த்தால், பாட்டைத் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு முறையும் இன்னொரு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறார்கள்: சபையில் யாருடைய குரல் கேட்க வேண்டும்? இந்தக் கதையில் தமிழ் யாப்பு, இசை, சாதி மூன்றும் கலந்திருப்பதால், கிறித்தவர் அல்லாத மாணவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கிறித்தவ இலக்கியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது வீரமாமுனிவரின் தேம்பாவணி. 3615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம் அது. ஆனால் கூடியிருக்கும் நூறு பேர் ஒரே குரலில் பாடுவதற்காக எழுதப்பட்டதல்ல. புலவர் படித்துச் சுவைக்கும் பாட்டுக்கும், ஏட்டைப் பார்க்காமல் பாட்டியும் பேரனும் சேர்ந்து பாடும் பாட்டுக்கும் இலக்கணம் வேறு. இங்கே நாம் பேசப்போவது இரண்டாவது வகையைப் பற்றி.

முதல் கட்டம்: மொழிபெயர்த்த பாட்டு

1706 ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்க் தமிழ் கற்றார், தமிழ் ஏடுகளைச் சேகரித்தார், அச்சுக்கூடம் அமைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். சபையில் பாட என்ன செய்வது? அவர்கள் நாட்டில் லூத்தரின் காலத்திலிருந்தே மக்கள் தாய்மொழியில் சேர்ந்து பாடும் வழக்கம் இருந்தது. எனவே அந்த ஜெர்மானியப் பாடல்களையே தமிழாக்கி, அதே மெட்டில் பாட வைத்தார்கள். 1740-இல் வந்த பெப்ரீசியஸ் இந்தப் பணியை மேலும் செம்மையாக்கினார். வேதாகமத்தை மொழிபெயர்த்து, 1779-இல் தமிழ் அகராதியும் வெளியிட்டவர் அவர்.

இதில் நன்மை உண்டு. வழிபாடு தாய்மொழியில் நடந்தது. பூசாரியோ புலவரோ மட்டும் பாட, மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை மாறி, எல்லாரும் பாடினார்கள். சிக்கலும் உண்டு. ஐரோப்பியப் பாட்டில் பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம் என்பதே கணக்கு. எந்த எழுத்து நீள வேண்டும் என்பதை மெட்டு முடிவு செய்துவிடும். தமிழிலோ குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். வகுப்பில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. 'விடு' என்ற சொல்லின் முதல் எழுத்தை நாலு தட்டு நீட்டிப் பாடச் சொல்லுங்க. கேட்பவர் காதில் 'வீடு' என்றே விழும். அதேபோல் 'பலன்' 'பாலன்' ஆகிவிடும். தமிழ்க் காது எதிர்பார்க்கும் எதுகையும் மோனையும் அந்த மெட்டுக்குள் அவ்வளவு எளிதாக உட்காரவில்லை.

இரண்டாம் கட்டம்: தஞ்சையின் கீர்த்தனை

இந்த இடத்தில்தான் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வருகிறார். பாளையங்கோட்டையில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் என்ற மிஷனரி இவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் மாணவர்தான். அந்தக் காலத்துத் தஞ்சை எப்படிப்பட்ட ஊர்? தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் வாழ்ந்த மண். குறவஞ்சி நாடகமும் கதாகாலட்சேபமும் மக்களைக் கட்டிப்போட்ட காலம். சாஸ்திரியார் அந்த வடிவங்களையே எடுத்துக்கொண்டார். 1800-இல் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். சபைக்காக ஏராளமான கீர்த்தனைகள் இயற்றினார்.

கீர்த்தனை ஏன் பொருந்தியது என்பதற்கு அதன் அமைப்பிலேயே விடை இருக்கிறது. பல்லவி திரும்பத் திரும்ப வரும். படிக்கத் தெரியாதவரும் இரண்டு முறை கேட்டால் பல்லவியைப் பிடித்துக்கொள்வார். சரணத்தை முன்னிருந்து ஒருவர் பாட, பல்லவியில் சபை முழுதும் சேரலாம். கீர்த்தனையிலும் குறில் நீளத்தான் செய்யும். ஆனால் கவிஞரே தமிழ்ச் சொல்லையும் தாளத்தையும் சேர்த்து நினைத்து எழுதுவதால், எதுகையும் மோனையும் சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை எல்லாரும் வரவேற்கவில்லை. 1820-களில் தஞ்சையில் பணியாற்றிய இளைய மிஷனரிகள் சிலர் பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்ற முற்பட்டார்கள். விழாக்களில் பூவும் தமிழ் இசையும் வேண்டாம் என்றார்கள். ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். சாஸ்திரியார் இவை எல்லாவற்றையும் எதிர்த்து எழுதினார்.

மாணவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். தமிழ் இசைக்காக அவர் வாதாடியதை நாம் மெச்சுகிறோம். அதே பேனாவால் அவர் சாதிவாரி இருக்கைக்காகவும் வாதாடினார். அந்தப் பக்கம் நியாயம் மிஷனரிகளிடம் இருந்தது, இசை விஷயத்தில் அவரிடம் இருந்தது. வரலாற்றுக் கட்டுரையில் ஒருவரை முழுக்கத் தூக்கி வைப்பதும் முழுக்கத் தள்ளிவிடுவதும் சுலபம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் உண்மை.

இசையைப் பொறுத்தவரை சாஸ்திரியார் கட்சியே பிறகு வென்றது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அவரிடமிருந்து பாடல்களைக் கற்று, 1853-இல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். பாமாலையும் கீர்த்தனையும் அருகருகே சபையில் நிலைத்தன. கடல் கடந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழ்க் கிறித்தவர்கள் இரண்டையும் தங்களோடு கொண்டு வந்தார்கள்.

மூன்றாம் கட்டம்: பறையும் பேச்சுத் தமிழும்

சரி, கீர்த்தனை தமிழருடையது என்றால், எந்தத் தமிழருடையது? தமிழ்நாட்டுச் சபைகளில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். ராகம், தாளம் முறையாகக் கற்கும் வாய்ப்பு அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வயலில் பாடிய பாட்டும், அடித்த பறையும் ஆலயத்துக்கு வெளியே நின்றன. பறை சாவு வீட்டுக்கு உரியது, தாழ்ந்தது என்ற எண்ணம் ஆலயத்துக்குள்ளும் இருந்தது.

இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றியவர், தலித் இறையியலாளர், பாடலாசிரியர். கிராமிய மெட்டிலேயே வழிபாட்டு முறையை அமைத்தார். கடவுளை 'பெத்தவரே' என்று பேச்சுத் தமிழில் அழைத்தார். அந்தச் சொல்லில் அம்மாவும் இருக்கிறார், அப்பாவும் இருக்கிறார். கிராமியப் பாட்டை மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பாடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே அவர் கண்ட பெரிய பலம்.

இன்று தேர்ந்தெடுப்பவருக்கு

மூன்று கட்டத்திலும் பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சிலர் உள்ளே வந்தார்கள், சிலர் வாசலிலேயே நின்றார்கள். இன்று திரையில் வரிகள் ஓடுகின்றன, கீபோர்டு ஒலிக்கிறது. ஆனால் தனிப்பாடகர் ஒலிப்பதிவுக்காகப் பாடிய பாட்டை அப்படியே சபையில் எடுத்தால், சுருதி எட்டாமல் பலர் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். ஆகவே பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் மூன்று விஷயத்தைப் பார்க்கலாம். பாடும்போது சொல் சிதையாமல் பொருள் விளங்குகிறதா? பயிற்சி இல்லாதவரும் கூடப் பாட முடிகிறதா? இந்தப் பாட்டால் யார் மௌனமாகிறார்கள்? நம் பள்ளி விழாவுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும்போதும் இவை பொருந்தும்.

வகுப்பில் கலந்துரையாட

1. மொழிபெயர்த்த பாட்டு, கீர்த்தனை, கிராமியப் பாட்டு: மூன்றும் சபைக்குள் வந்ததற்கான காரணத்தையும் விளைவையும் ஒப்பிட்டு எழுதுக.
2. வேதநாயக சாஸ்திரியாரின் எதிர்ப்பில் நீங்கள் ஏற்பது எது, மறுப்பது எது? காரணம் தருக.