"இதெல்லாம் ஒரு பாட்டா?": சினிமாப் பாட்டை வானொலி ஒதுக்கிவைத்த கதை



"இதெல்லாம் ஒரு பாட்டா?" இந்தக் கேள்வி கேட்காத வீடு நம்ம ஊர்ல இருக்கா? கானா போட்டா ஒருத்தர் முகம் சுளிப்பார். கர்நாடக சங்கீதம் போட்டா இன்னொருத்தர் கொட்டாவி விடுவார். எண்பதுகளோடயே இசை முடிஞ்சுபோச்சுன்னு ஒரு சித்தப்பா சத்தியம் பண்ணுவார். நானும் இந்தச் சண்டைகளில் சளைக்காமல் இறங்குகிற ஆள்தான். டீ ஆறுவதற்குள் சண்டையும் ஆறிவிடும், யாருக்கும் சேதாரம் இருக்காது.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் ஒரு மத்திய அமைச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் வானொலி முழுக்க அவர் கையில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1952ல் இந்தியாவில் அதுதான் நடந்தது. இந்த எபிசோட் அந்தக் கதை பற்றியது.

முதலில் காலத்தைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கணும். 1947ல் சுதந்திரம் வந்தபோது இந்தியாவிடம் இருந்தது வெறும் ஆறு அகில இந்திய வானொலி நிலையங்கள்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ரேடியோ பெட்டி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க வேண்டும். ஒலிபரப்பும் உரிமை அரசுக்கு மட்டும்தான். தனியார் எஃப்.எம். எல்லாம் வர இன்னும் நாற்பது வருஷம் இருக்கு. அதனால் வானொலியில் ஒரு பாட்டு வரக்கூடாது என்று அரசு முடிவெடுத்தால், பெட்டி வைத்திருக்கிற வீட்டுக்குள் அந்தப் பாட்டு வருகிற பெரிய கதவே மூடிவிடும்.

இப்படி ஒரு கதவை மூடிய பழக்கம் வானொலிக்கு ஏற்கெனவே இருந்தது. அதில் மாட்டியது ஆர்மோனியம்.

1940 மார்ச் மாதத்திலிருந்து அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. அதன் பின்னால் இருந்த வாதம் அசட்டு வாதம் இல்லை. ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்த கருவி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒரு சுரம்தான், அது நின்ற இடத்தில் நிற்கும். நம்ம ராகங்கள் அப்படி நிற்காது. தோடி ராகத்து காந்தாரத்தைக் கேட்டுப் பாருங்க, ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆர்மோனியக் கட்டை ஆடாது. கமகம்தான் ராகத்தின் உயிர் என்று நினைக்கிறவருக்கு இந்தக் கருவி எரிச்சல் தருவதில் ஆச்சரியம் இல்லை.

எரிச்சல்பட்டவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. பாரதியார் 'சங்கீத விஷயம்' கட்டுரையில் ஆர்மோனியத்தை ஒரு பிடி பிடித்தார். தாகூருக்கு அது ஆகவே ஆகாது. கொழும்பில் பிறந்த கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்கு எதிராக எழுதினார். வேடிக்கை என்னவென்றால், வானொலியில் இந்தத் தடைக்காக நின்றவர்களில் ஆங்கிலேயர்களும் உண்டு. டெல்லி நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவை நடத்திய ஜான் ஃபோல்ட்ஸ் ஆர்மோனியத்தைத் தாக்கி எழுதினார். தடை வந்தபோது வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லயனல் ஃபீல்டன். இந்தியச் சங்கீதத்தின் தூய்மைக்கு வெள்ளைக்காரர் காவல்!

ஆனால் அதே கருவியை நாடகக் கொட்டகையில் வைத்துப் பாருங்க. மைக் இல்லாத காலத்தில், ராத்திரி முழுக்க, ஊர் திரண்டு உட்கார்ந்திருக்கும் திடலில் ராஜபார்ட் பாட வேண்டும். அவருக்குச் சுருதி கொடுத்து, கடைசி வரிசை வரை சத்தத்தைக் கொண்டுபோனது ஆர்மோனியம்தான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றைக்கும் 'வள்ளி திருமணம்' போட்டால் ஆர்மோனியக்காரர்தான் மேடையைத் தூக்கி நிறுத்துகிறார். கவ்வாலி பாடுகிறவருக்கும், குருத்வாராவில் கீர்த்தனை பாடுகிறவருக்கும் அதே கருவிதான். "இது நம்ம இசைக்கு ஒத்து வராது" என்று சொல்லும்போது, அந்த 'நம்ம' என்ற வார்த்தைக்குள் இவர்கள் யாரும் இல்லை. 1971ல்தான் அந்தத் தடை தளர ஆரம்பித்தது. சண்டை அதோடு முடியவும் இல்லை. 2022ல் அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஆர்மோனியத்துக்குப் பதிலாக பழைய தந்தி வாத்தியங்கள் வர வேண்டும் என்று அகால் தக்த் சொன்னது.

சரி, இப்ப 1952க்கு வருவோம்.

அந்த வருஷம் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்தவர் பி.வி. கேஸ்கர். புனேக்காரர். பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சாஸ்திரிய சங்கீதத்தின் மேல் நிஜமான காதல் உள்ளவர். இந்தியாவிலிருந்து ஆங்கிலப் பண்பாடு போய்விட்டால் கிரிக்கெட்டும் பிழைக்காது என்று பேசியவரும் இவரேதான். சேப்பாக்கத்தில் டிக்கெட்டுக்கு மல்லுக்கட்டியவர்கள் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.

கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு மலிவான சரக்காகத் தெரிந்தது. மேற்கத்திய மெட்டு, கொச்சையான வரி, வளரும் தலைமுறைக்குக் கெடுதல் என்பது அவர் கருத்து. வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரம் நூற்றில் பத்து பங்காகச் சுருங்கியது. ஒலிபரப்புவதற்கு முன் பாட்டைச் சலித்தெடுக்க ஏற்பாடு வந்தது. படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும் என்று படப்பெயரையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் கோபத்தில் தங்கள் பாட்டுகளுக்கான அனுமதியையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமலே போனது.

கேஸ்கரின் கோட்டில் ஒரு பக்கம் சாஸ்திரியம், மறுபக்கம் சினிமா. கோடு நிஜமாகவே அப்படி நேராக இருந்ததா? அதே 1952ல் 'பைஜு பாவ்ரா' என்ற இந்திப் படம் வந்தது. இசை நௌஷாத். அந்தப் படத்தில் வருகிற இசைப் போட்டிக்காகப் பாடியவர்கள் உஸ்தாத் அமீர்கானும் டி.வி. பலூஸ்கரும். இந்துஸ்தானி சங்கீதத்தின் இரண்டு மலைகள், சினிமாவுக்குள்! நம்ம பக்கம் இன்னும் பழைய கதை. சபாக்களில் பக்தியோடு பாடப்படும் பாபநாசம் சிவன்தான் 1944ல் வந்த 'ஹரிதாஸ்' படத்துக்கும் பாட்டு எழுதினார். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்துப் பாடிய 'மீரா' 1945ல் வந்தது. எந்தப் பாட்டு எந்தப் பக்கம் என்று பிரிக்கப் போனால் கேஸ்கர் போட்ட கோடே அழிந்துவிடும்.

அந்தக் கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடு இருந்தது. எனக்கு இந்தக் கதையில் ரொம்ப உறுத்துகிற இடம் அதுதான். கேஸ்கர் பிற்பாடு 1967ல் இந்திய இசை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இசை கெட்டுப்போனதற்கு அதில் அவர் பழி போட்டது ஆங்கிலேயர் மேலும், முஸ்லிம் ஆட்சியாளர்கள், உஸ்தாத்கள் மேலும். ஆன்மிகமாக இருந்த கலை அவர்கள் கையில் போய் ஆடல்பாடல் பெண்களின் கேளிக்கையாகிவிட்டது என்பது அவர் வாதம். வடக்கில் அந்த இசையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கொடுத்ததே அந்த உஸ்தாத் குடும்பங்களும் அந்தப் பெண்களும்தான்.

கேஸ்கருக்கு முன்பே இது தொடங்கிவிட்டது. 1946ல் இடைக்கால அரசில் இந்தத் துறையைப் பார்த்துக்கொண்ட சர்தார் படேல், சொந்த வாழ்க்கை ஊர்ப்பேச்சாக இருக்கிறவர்களுக்கு வானொலியில் இடமில்லை என்று முடிவெடுத்தார். யாரை மனசில் வைத்து என்று விளக்க வேண்டியதில்லை. பரம்பரையாகப் பாடிவந்த பெண்கள், கிராமபோன் இசைத்தட்டுகள் வந்த காலத்தில் தட்டுகளை விற்கவைத்த குரல்களுக்குச் சொந்தக்காரர்கள். அதே அளவுகோலைத் தெற்கே ஈவு இரக்கமில்லாமல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேவதாசி மரபில் வந்த வீணை தனம்மாள் குடும்பம் இல்லாத, எம்.எஸ். இல்லாத கர்நாடக சங்கீதத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

இனி மக்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஊர்வலம் போகவில்லை. ரேடியோவின் முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

முள் போய் நின்ற இடம் இலங்கை. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையில் இருந்த தென்கிழக்கு ஆசியப் படைக்காக அங்கே ஒரு வானொலி நடந்தது. சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் அனுப்ப வந்த சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டர், போர் முடிந்த பிறகு இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிற்றலையில் அது இந்தியா முழுக்கக் கேட்கும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்கு விளம்பரம் வேண்டும், விளம்பரக்காரர்களுக்குக் கேட்க ஆள் வேண்டும், கேட்கிறவர்களுக்குச் சினிமாப் பாட்டு வேண்டும். மூன்றும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. பற்பசை கம்பெனி விளம்பரத்தோடு வந்த அந்த நிகழ்ச்சியைப் பம்பாயில் பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பாட்டு திரும்பக் கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்தது. டெல்லி வாசலை மூடியதால் இந்தியப் பாட்டு இந்திய வீட்டுக்குள் கொழும்பு வழியாகச் சுற்றி வந்தது!

தமிழுக்கும் அதே கதைதான். இலங்கை வானொலி என்றால் நம்ம தாத்தா பாட்டிகள் இன்றைக்கும் முகம் மலர்வார்கள். அன்றைக்கு மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. அறிவிப்பாளருக்கு ரசிகர் கூட்டம் இருக்க முடியும் என்று காட்டிய குரல்கள் இவை. வெளியே கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரும் டூரிங் டாக்கீஸும் யாரையும் கேட்காமல் அதே பாட்டுகளைப் பாடிக்கொண்டுதான் இருந்தன.

கடைசியில் அரசு இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3ல் விவித் பாரதி தொடங்கியது. சினிமாப் பாட்டு சொந்த ஊருக்குத் திரும்பியது. அப்போதும் அமைச்சர் கேஸ்கர்தான். 1962 வரை அவரே இருந்தார்.

இதோடு கதையை முடித்து, கேஸ்கரை வில்லனாக்கிவிட்டுப் போவது ரொம்ப சுலபம். அது நியாயம் இல்லை. சமஸ்தானங்கள் போய்விட்டன, ஜமீன்களும் போய்க்கொண்டிருந்தன. வித்வான்களுக்குச் சோறு போட்டவர்கள் இல்லாமல் போகும் நேரத்தில், வானொலி அவர்களுக்குச் சம்பளமும் மேடையும் கொடுத்தது. 1952 ஜூலையில் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. ரவிசங்கர் போன்றவர்களை வைத்து வாத்திய விருந்தா குழு வந்தது. மூத்த வித்வான்களுக்கே தேர்வா என்று கோபத்தைக் கிளப்பிய குரல் தேர்வு முறைதான், இன்றைக்கும் கச்சேரி நோட்டீஸில் பார்க்கிற 'ஏ கிரேடு' என்ற அடையாளத்தைக் கொடுத்தது. டிக்கெட் வாங்கி சபாவுக்குப் போக முடியாத, போனாலும் கூச்சப்பட்ட எத்தனையோ பேர் முதல் முறையாக ஒரு முழுக் கச்சேரி கேட்டது ரேடியோவில்தான். பணம் மட்டுமே தீர்மானித்தால் நல்ல கலைகள் சில செத்துப்போகும் என்ற கேஸ்கரின் பயம் பொய்யான பயம் இல்லை. இன்றைக்கும் எனக்கு அந்தப் பயம் இருக்கு.

அதனால் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு இசைக்குப் பணம், நேரம், மேடை கொடுத்து வளர்க்கிற அரசை நான் வரவேற்பேன். அதற்காக இன்னொரு இசையின் கழுத்தை நெரிக்கத் தேவையே இருக்கவில்லை. கேஸ்கர் செய்ததில் இன்றுவரை பயன் தருவது அவர் கொடுத்த மேடை. அவர் போட்ட கட்டுப்பாடு ஏறக்குறைய ஐந்து வருஷம்தான் தாங்கியது. அன்றைக்கு மட்டம் என்று ஒதுக்கிய பாட்டுகளைத்தான் இன்றைக்கு 'பொற்காலப் பாடல்கள்' என்று சொல்லி, புதுப் பாட்டைத் திட்டுவதற்கு எடுத்துக்காட்டுகிறோம்.

பிடிக்காததைப் பிடிக்கலைன்னு சொல்லுங்க. காரணத்தோடு சொல்லுங்க, சத்தமா சண்டை போடுங்க. ஆர்மோனியத்தைப் பாரதி திட்டியதால் எந்த நாடகக்காரரின் பிழைப்பிலும் மண் விழவில்லை. அதே கருத்து ஒரு உத்தரவாக மாறியபோது ஆர்மோனியக்காரருக்கு வானொலி வாசல் முப்பது வருஷம் மூடிக்கிடந்தது.

அடுத்த தடவை யாராவது "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்டால், அந்த 'இதெல்லாம்' என்ற வார்த்தைக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிங்க. வடசென்னையில் சாவு வீட்டில் கானா பாடுகிறவர் இருக்கலாம். கோயில் கொடையில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் இருக்கலாம். அவர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதுக்கப்புறமும் பாட்டு பிடிக்கலைன்னா, தாராளமா சண்டையைத் தொடருங்க. டீ நான் வாங்கித் தர்றேன்.