மறையும் உலோகம்

காரைக்காலில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்று உண்டு. ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுள்ள அலைகளை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டு அவை திரும்புவதைக் கேட்கும் கருவி அது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது அதைத் தொடர்ந்து கண்காணித்தவற்றுள் இதுவும் ஒன்று. வானிலையாளருக்கு எதிரொலியே எல்லாம். அந்த எதிரொலியை அழிப்பதற்கென்றே மனிதர் உழைத்த இன்னொரு வரலாற்றை நாம் பெரும்பாலும் போர்க்கதைகளோடு சேர்த்து மறந்துவிடுகிறோம்.

அதன் முதற்பக்கங்கள் கல்கத்தாவில் எழுதப்பட்டவை. 1890களில் ஜகதீச சந்திர போஸ் மிகச் சிறிய மின்னலைகளை உண்டாக்கி, பொருள்கள் அவற்றை எவ்வாறு நடத்துகின்றன என்று ஆராய்ந்தார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் தாள்களுக்கிடையே ஈயத்தாள் செருகி, ஒரு திசையில் அதிரும் அலையைத் தடுத்து மற்றதை விடும் சல்லடையாக்கினார். (புத்தகத்துக்கு இப்படியும் ஒரு பயன்!) 1898இல் முறுக்கிய சணலைக் கொண்டு அலையின் அதிர்வுத்தளத்தையே திருப்பிக் காட்டினார். பொருளின் இயல்பைவிட அதன் அமைப்பு அலையை ஆளும் என்பதே இங்கே நாம் காணும் செய்தி. அவர் நாட்டம் ஒளியின் இயல்பில் இருந்தது, ஆயுதத்தில் அல்ல.

ஆயுதம் இரண்டாம் உலகப்போரில் வந்தது. 10 செ.மீ. ரேடார் ஏந்திய நேசநாட்டு விமானங்கள், கடல்மேல் சற்றே தலைநீட்டிய ஜெர்மானிய நீர்மூழ்கிகளைக் கண்டுபிடித்தன. மூச்சுக்குழாயையேனும் மறைக்க, ஜெர்மானியர் அதற்குக் கரிகலந்த அடுக்குப் போர்வை இட்டனர். அமெரிக்காவில் சாலிஸ்பரி வகுத்த திரை இன்னும் எளியது: உலோகத்துக்கு முன்னே கால் அலைநீளத் தொலைவில் மின்தடையுள்ள மெல்லிய தாள். தாளில் பட்டுத் திரும்பும் அலையும், உலோகம் வரை சென்று மீளும் அலையும் எதிரெதிராகி ஒன்றையொன்று அழிக்கும். 10 செ.மீ. அலைக்கு அத்தொலைவு 2.5 செ.மீ. மட்டுமே. அலைநீளம் மாறினால் மறைவு கெடும். பல அடுக்குத் திரைகளும், பின்னாளில் விமானத்தின் வடிவத்தையே கோணலாக்கும் வித்தையும் இதனால்தான் தோன்றின.

இத்தனை பாடுபட்டு உலோகம் பெற்ற மறைவு, எங்கள் கரையில் யாரும் கேளாமலே கிட்டியிருக்கிறது. கட்டுமரத்தின் மரம் ரேடார் அலையைச் சிறிதளவே திருப்பும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரையில் பெருகிய ஃபைபர் படகுகளும் அப்படியே. அலை பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். அலைகடலின் கலங்கலான எதிரொலிகளுக்கிடையே, இரவில் செல்லும் சரக்குக் கப்பலின் திரையில் அப்படகு ஒரு புள்ளியாகக்கூடத் தோன்றாது போகலாம். போர்க்கப்பலுக்கு வரமான இம்மறைவு செம்படவருக்குச் சாவு.

இதற்கு மாற்று எளியது: ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திய மூன்று உலோகத் தகடுகள். எத்திசையிலிருந்து வந்து அந்த மூலைக்குள் விழுந்தாலும் அலை வந்த வழியே திரும்பும். பாய்மரக்கம்பின் உச்சியில் கட்டும் அளவுக்குச் சிறியது; சாலிஸ்பரியின் திரைக்கு நேரெதிர் வேலை பார்க்கும்.