மேலூர் உப்பும் சிசுவின் தைராய்டும்

கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியில் தோன்றி, ஏழாவது வாரத்துக்குள் கழுத்துக்கு இறங்குகிறது. தன் தேவைக்கு அது சுரக்கத் தொடங்க ஏறக்குறைய கர்ப்பகாலத்தில் பாதி கழிந்துவிடும். அதுவரை தாயின் ஹார்மோனே சிசுவின் மூளையை வளர்க்கிறது. சுரப்பதற்கு வேண்டிய அயோடினும் தாய் உண்ணும் உணவிலிருந்துதான் வரவேண்டும்.

இன்று அந்த அயோடினைச் சுமந்து வரும் உப்பு, மதுரை அருகே மேலூர் வட்டாரத்துக்கு வந்த கதை பழையது. கிடாரிப்பட்டி அருகே, அழகர்மலைக் குகையில் சமணத் துறவியருக்குக் கற்படுக்கை அமைக்கக் கொடையளித்தவர்களின் பெயர்கள் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. பொன்கொல்லன், அறுவை வணிகன் ஆகியோரோடு ஓர் உப்பு வணிகனும் அதில் உண்டு. கடலோர அளங்களிலிருந்து உள்நாட்டுக்கு உப்பேற்றி வந்த வணிகம் அது. ஆனால் கடல் உப்பு என்றாலே அயோடின் இருக்கும் என்ற நம்பிக்கை தவறு. அளத்தில் விளையும் கல்லுப்பில் அது மிக மிகக் குறைவு.

உப்பில் அயோடின் கலக்கும் யோசனை இங்கு வந்தது இமயமலை வழியாக. 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு பகுதிக்குச் சாதா உப்பையும் மற்ற பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும் கொடுத்துப் பார்த்தனர். அயோடின் குறைவால் தைராய்டு வீங்கும் முன்கழுத்துக் கழலை, அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. அயோடின் கலக்காத சமையல் உப்பின் விற்பனைக்கான மத்தியத் தடை 2000இல் நீக்கப்பட்டு, 2006இல் மீண்டும் வந்தது.

கழலை கண்ணில் படாத தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்தச் சட்டத்துக்கு மதிப்புக் குறைவுதான். தூத்துக்குடி, வேதாரண்யம் அளங்கள் பக்கத்திலேயே இருந்ததால் சாக்கில் வந்த கல்லுப்பு மலிவாகக் கிடைத்தது. அதைக் கழுவிவிட்டுப் போடும் வழக்கமோ, கலந்திருக்கும் கொஞ்ச அயோடினையும் கரைத்துவிடும். 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாட்டளவில் 76.3 சதவீதம். உப்பு விளைவிப்பதில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டில் அது 61.9 சதவீதம்தான்!

உப்பால் தீராத பாதியும் உண்டு. சுரப்பியே உருவாகாமலோ, நாக்கடியிலேயே தங்கிவிட்டோ பிறக்கும் குழந்தைக்குத் தாயின் உணவில் எவ்வளவு அயோடின் இருந்தும் பயனில்லை. ஹார்மோன் தயாரிப்பில் மரபுக் குறை உள்ள குழந்தைகளும் உண்டு. நெருங்கிய உறவுக்குள் மணம் முடித்தால் இத்தகைய மரபுக் குறை கூடும் என்பதால், அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் மதுரைப் பக்கத்தில் இதைக் கவனிக்காமல் விட முடியாது. ஐந்து நகரங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது, பிறவித் தைராய்டுக் குறை 1,130 பேரில் ஒருவருக்கு இருந்தது. சென்னையில் 727 பேரில் ஒருவருக்கு.

இந்தக் குழந்தைகள் பிறந்தவுடன் பெரும்பாலும் நன்றாகவே தெரிவார்கள். பிறகு மஞ்சள் காமாலை வடியாது, மலச்சிக்கல் வரும், அழுகை கரகரக்கும். அழாமல் தூங்கும் பிள்ளையை வீட்டில் 'சமத்து' என்று மெச்சுவதும் நடக்கும். அறிகுறிக்காகக் காத்திருந்த காலத்தை முடித்துவைத்தது 1970களில் கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ கொண்டுவந்த சோதனை: குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்துளியைத் தாளில் உலர்த்திப் பார்ப்பது. பிறந்த அரை மணியில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். தானாகவே ஏறுவதால், இரண்டு நாள் கழித்தே குத்துகிறார்கள். கோவாவில் 2008இல் இது அரசுத் திட்டமானது; 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலிலும் இந்நோய் உண்டு.

மருந்து பழையது, மலிவானது: லெவோதைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்துத் தினமும் ஒரு வேளை. இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் குன்றாது. சுரப்பி இடத்தில் இருந்தால் மூன்று வயதில் நிறுத்திப் பார்ப்பார்கள். இல்லாதவர்களுக்கு ஆயுள் முழுக்க மாத்திரைதான்.