கையெழுத்துப் போட்ட கை ஒன்று, மறுத்த கைகள் பல

1987 ஜூலை 29, கொழும்பு. ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் ராஜீவ் காந்தியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிரதமர் பிரேமதாச அந்தப் பக்கமே வரவில்லை. சுதந்திரக் கட்சி எதிர்த்தது, ஜேவிபி ஆயுதத்தோடு எதிர்த்தது. அடுத்த நாள் அணிவகுப்பில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவர் ராஜீவை துப்பாக்கிப் பிடியால் அடித்தார்.

நாங்க இதை இந்தியப் படை, புலிகள் எண்டுதான் கதைக்கிறம். யாழ் ஆஸ்பத்திரிப் படுகொலையை மறக்கவும் ஏலாது. ஆனா தெற்கின் பிளவையும் சேர்த்துப் பார்க்கவேணும்.

அந்த ஒப்பந்தத்தில் தமிழருக்கு மாகாண சபை இருந்தது. கூடப் பரிமாறிய கடிதங்களில், இந்திய நலனுக்குப் பாதகமா திருகோணமலையை எந்த நாட்டின் இராணுவத்துக்கும் விடுவதில்லை எண்ட உறுதி டெல்லிக்கு இருந்தது. கொழும்பிலோ இதற்கு ஒருமித்த ஆதரவு இருக்கவில்லை.

1988 ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாச, சிறிமாவோ இருவருமே இந்தியப் படையை அனுப்புவோம் எண்டுதான் வாக்குக் கேட்டார்கள். ஆர் கூட எதிர்க்கிறது எண்ட போட்டி. வென்ற பிரேமதாச புலிகளோடு பேசினார், அவர்களுக்கு ஆயுதமும் போனது. 1990 மார்ச்சில் கடைசி இந்தியப் படை வெளியேறியது. ஜூனில் திரும்பவும் யுத்தம்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை இழந்த இந்தியா, பிறகு இங்க படை அனுப்பவே இல்லை. ஒப்பந்தத்தால் வந்த 13ஆவது திருத்தம் மட்டும் மிஞ்சியது. அதிலுள்ள பொலிஸ் அதிகாரம் இண்டைக்கும் மாகாணங்களுக்கு வரவில்லை. டெல்லி கேட்கும், கொழும்பு தலையாட்டும், பிறகு தெற்கின் வாக்குகளை எண்ணிப் பார்க்கும்.